வெறும் தேன்

என் மனைவி உயிரோடு இருக்கிறாள். அதற்கு நான் காரணம் இல்லை. என் கையில் விட்டிருந்தால் அவள் செத்திருப்பாள். காப்பாற்றியது வேறு சிலர். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக மனதில் கிடக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதில் ஒருவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற பாதையில் எனக்கு ஒரு கடை. தேன், யூகலிப்டஸ் தைலம், சாக்லேட், மிளகு, ஏலக்காய். சீசனில் உட்கார நேரம் இருக்காது. சீசன் முடிந்தால் மழையையும் மூடுபனியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கடையை நானும் என் மனைவியும்தான் பார்த்துக்கொண்டோம். நான் முன்னால் நின்று பேசுவேன். அவள் உள்ளே திரைக்குப் பின்னால் பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டுவாள்.

குறிஞ்சி பூத்த வருஷம் மலைக்கே கொண்டாட்டம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற பூ என்று ஜனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. பூவைப் பறிக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது. திரும்பும்போது எதையாவது கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றும் அல்லவா? அதற்குத்தான் குறிஞ்சித் தேன். எங்கள் வரிசையில் பதினோரு கடைகள். பதினொன்றிலும் குறிஞ்சித் தேன். அவ்வளவு தேனும் குறிஞ்சியில் இருந்து வந்தது என்றால் மலையே பிசுபிசு என்று ஒட்டியிருக்க வேண்டும். என் கடையில் இருந்தது கீழேயிருந்து டின்னில் வருகிற தேன். சர்க்கரைப் பாகு இல்லை, தேன்தான். ஆனால் குறிஞ்சியைக் கண்ணால் கண்ட தேன் இல்லை.

"இதுல என்னண்ணே விசேஷம்?" என்று கேட்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் மூட்டுவலிக்கு நல்லது என்பார். அதைக் கேட்டு நான் சர்க்கரை வியாதிக்கு நல்லது என்றேன். மறுநாள் அவரும் சர்க்கரைக்கு வந்துவிட்டார். உடனே நான் புற்றுநோய்க்குப் போய்விட்டேன். அதற்கு மேலே போக வியாதி இல்லை. அந்த சீசன் முழுக்க அதையே சொன்னேன். "புத்துக்கட்டியே கரைஞ்சு போகுங்க. சித்தருங்க பார்த்த வைத்தியம்." மைக் வைத்தது மாதிரி சொல்வேன்.

அருப்புக்கோட்டைப் பக்கம் இருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கூட வந்தவர்கள் பூப் பார்க்கப் போய்விட்டார்கள், இவர் மட்டும் என் கடை முன்னால் நின்றார். வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார். நாலு பாட்டில் வாங்கினார். பையில் வைக்கப் போனவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நெசமாத்தான சொல்றீங்கண்ணே?"

"பழனி முருகன் மேல சத்தியமாக்கா."

கை கூசவில்லை, நாக்கு கூசவில்லை. அடுத்த ஆளுக்குப் பேசப் போய்விட்டேன்.

அந்த மார்கழியில் என் மனைவி குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, இடது மாரில் பட்டாணி மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது என்றாள். இரண்டு வாரமாக இருக்கிறதாம். வலி இல்லையாம், அதனால் சொல்லவில்லையாம். கொடைக்கானலில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் மதுரைக்குப் போங்கள், ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் போகவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். என் அண்ணனுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்து, மதுரையில் அறுத்து, நாலாவது மாதம் இறந்து போனார். கத்தி பட்டதால் பரவிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் ஒன்றரை வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோடா குடித்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், கட்டியைக் கரைக்கிறார் என்று ஜீப்காரர் ஒருவர் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் பார்ப்பார். வாழைத்தோட்டத்துக்கு நடுவில் வீடு. போனபோது எங்களுக்கு முன்னால் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வைத்தியர் என் மனைவியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில காட்டினியா?"

"ஒரு தடவை காட்டுனோங்க."

"ஊசி போட்டுக் குத்திப் பாத்தாங்களா?"

"இல்லைங்க."

"தப்பிச்ச தாயி. குத்தியிருந்தா முழிச்சிருக்கும். இப்பத் தூங்குது, தூக்கத்துலயே கரைச்சிரலாம்."

சாம்பல் நிறத்தில் ஒரு பொடி கொடுத்தார். அதைக் குறிஞ்சித் தேனில் குழைத்து, வெள்ளனே எழுந்ததும் வெறும் வயிற்றில் நக்க வேண்டும். உப்பு, புளி, காரம் கூடாது. மாத்திரை, ஊசி எதுவும் உடம்பில் படக் கூடாது, பட்டால் மருந்து முறிந்துவிடும். கடைசியாக என்னைப் பார்த்துச் சொன்னார். "தேன் அசலா இருக்கணும்ப்பா. கொடைக்கானல் கடையில விக்கிறானுக பாரு, அது ஆகாது."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "இவரே அங்கதாங்க விக்கிறாரு" என்றாள். வைத்தியரும் சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியாக நாங்கள் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

உப்பில்லாச் சோறு தின்று அவள் மெலிந்தாள். கட்டி மெலியவில்லை. ஒரு மாதத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. வைத்தியர், "உள்ள இருக்குறது வெளிய வருது, நல்லதுதான்" என்றார். அடுத்த மாதம் இன்னும் பெரிதானது. இந்தத் தடவை வேறு சொன்னார். "பொடியில கொறை இல்ல. தேன்லதான் கோளாறு."

இங்கேதான் நான் விழுந்தேன். வேறு ஒருவன் என்றால் பொடியைச் சந்தேகப்பட்டிருப்பான். எனக்குப் பொடியைப் பற்றி என்ன தெரியும்? தேனைப் பற்றித் தெரியும். எது அசல், எது போலி, எது டின், எது காடு, எல்லாம் தெரியும். நானே குறிஞ்சி இல்லாத தேனுக்குக் குறிஞ்சி லேபிள் ஒட்டுகிறவன். அதனால் தேனில் கோளாறு என்றதும், ஆமாம், இவர் சொல்வது சரிதான் என்று பட்டது. மனைவி பிழைக்க வேண்டும் என்றால் அசல் குறிஞ்சித் தேன் கிடைக்க வேண்டும். மதுரைக்குப் போக வேண்டியவன் தேனைத் தேடிப் போனேன். பூம்பாறையில் கேட்டேன், மன்னவனூரில் கேட்டேன். வாயில் விட்டதும் தெரிந்துவிடும், இது அது இல்லை என்று. ஒரு நாள் கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே கிளாவரை வரைக்கும் போனேன். அதற்கு அப்பால் கேரளாதான்.

அங்கே ஒரு பூண்டு விவசாயியிடம், பூத்த சமயத்தில் எடுத்த தேன் ஒரு பாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். களத்தில் உட்கார்ந்து பூண்டை முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டிருந்தார். வயதானவர். தேன் வேண்டும் என்றேன். பாட்டிலை எடுத்து வந்தார். விரலில் தொட்டு வைத்ததுமே தெரிந்தது, அசல். கெட்டியாக, அடி நாக்கில் லேசான கசப்போடு இருந்தது.

"யாருக்கு?" என்றார்.

"வீட்டுலங்க. மாருல கட்டி."

பூண்டைக் கீழே போட்டுவிட்டார். "ஏலே, ஒனக்குக் கூறு கீறு இருக்கா? நாங்கதான் ஒரு காய்ச்சல்னா கட்டில்ல தூக்கிட்டு ஓடணும். ஒத்தப் பஸ்ஸ நம்பிக் கெடக்கோம். நீ பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்துக்கிட்டு, கீழ எறங்காம மேல ஏறி வந்துருக்க?"

"ஒரு வைத்தியர் சொன்னாருங்க. குறிஞ்சித் தேனுதான் அதுக்கு..."

"இருமலுக்குன்னு எங்க வீட்டுக்காரிக்கு மூணு மாசமாக் குடுத்தேன். இருமலே நிக்கல. இது புத்தைக் கரைக்குமாம்ல. வெறும் தேன்டா இது. கொண்டு போ, நல்லாருக்கும். மருந்துன்னு சொல்லி மட்டும் அந்தப் புள்ளைக்குக் குடுக்காத. வெரசா மதுரைக்குக் கூட்டிட்டுப் போ."

எனக்குக் கோபம் வந்தது. பூண்டு விவசாயிக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பாட்டிலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த மனிதருக்கு இன்று கை கூப்புகிறேன். முன்பின் தெரியாத என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்ன முதல் ஆள் அவர். நான் கேட்கவில்லை என்பது அவர் குற்றம் இல்லை.

அசல் தேனில் பொடியைக் குழைத்து மூன்று வாரம் கொடுத்தேன். "எப்பிடி இருக்கு?" என்று தினமும் கேட்பேன். "தேவலங்க" என்பாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

சித்திரையில் சீசன் தொடங்கியது. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அந்த அருப்புக்கோட்டை அம்மா வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். காலியான நாலு பாட்டிலையும் கழுவிப் பையில் கொண்டு வந்திருந்தார், திரும்ப உதவும் என்று.

"ஆறு பாட்டிலாக் குடுங்கண்ணே. அடிக்கடி வர முடியல."

"அண்ணனுக்கு எப்பிடிக்கா இருக்கு?"

"கரண்டு வச்சாங்க. தொண்டையெல்லாம் வெந்து போச்சு, எச்சி முழுங்க முடியல. அதான் பாதியில நிறுத்திட்டோம். ஒங்க தேனுதான் இருக்கேன்னு." கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் கரண்டு என்றார்.

"நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"இருவது நாளாச்சுண்ணே."

நான் எடுத்த பாட்டிலைக் கீழே வைத்தேன். எனக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம் வந்தது. இந்த அம்மாவின் புருஷன் சாகப்போகிறான், அது என் வாயால் நடக்கப்போகிறது என்று பச்சையாகத் தெரிந்தது.

"அக்கா, இது வெறும் தேன். குறிஞ்சித் தேன்கூட இல்ல, கீழ இருந்து டின்னுல வருது. இதுல ஒண்ணும் கரையாது. இன்னைக்கே எறங்கிப் போயி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நிறுத்துனதச் சொல்லி, திரும்ப வைக்கச் சொல்லுங்க."

"சத்தியம் பண்ணீங்களேண்ணே."

"பொய்ச் சத்தியங்க்கா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலி பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜை மேல் வைத்தார். "தெனமும் காலையில அதைக் குடிச்சிட்டு, இன்னைக்குத் தேவலன்னு சொல்லுவாரு. எனக்காகச் சொல்லிருக்காரு போல" என்றார். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் விறுவிறுவென்று நடந்து போனார்.

திரும்பினால் என் மனைவி திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறாள். கையில் லேபிள், பசை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அந்தக்காவுக்கு வெறும் தேன். எனக்கு மட்டும் மருந்தா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கேவலமாக இருக்கிறது. "ஒனக்குக் குடுக்குறது அசல் தேன் புள்ள. கிளாவரையில இருந்து..." என்றேன்.

"அசல் தேனக் குடிச்சிட்டு அசலாச் சாகவா?" என்றாள். "அந்தக்கா வீட்டுக்காரரு சொன்னதத்தான் நானும் ஒங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன், தேவல தேவலன்னு. ஒரு எழவும் தேவல இல்ல. குத்துது. தோலு உள்ள இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஒங்க மூஞ்சியப் பாத்தா சொல்ல முடியல."

பசையைத் துடைத்துவிட்டு நேராகப் பக்கத்து மெஸ்ஸுக்குப் போனாள். காலை நேரத்தில் சோறு இல்லை என்றார்கள். முந்தின நாள் பழைய சோறு இருந்தது. அதை வாங்கி, உப்பு போட்டு, மாங்காய் ஊறுகாயை வைத்து நின்றபடியே தின்றாள். நாலு மாதமாக உப்பைக் காணாத நாக்கு. தின்றுகொண்டே அழுதாள், நான் வாசலில் நின்றேன். "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நீங்க வந்தா வாங்க. வரலைன்னா நான் தனியாப் போயிருவேன்" என்றாள்.

போனோம். மதுரையில் அந்த டாக்டர் அம்மா இளவயது. சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தார். நாலு மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "தேன் குடிச்சோங்க" என்றாள் என் மனைவி. டாக்டர் திட்டவில்லை. எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அவரிடம் இப்படிச் சொன்னார்களோ.

ஊசி போட்டுப் பார்த்தார்கள். எதுவும் முழித்துக்கொள்ளவில்லை. புற்றுநோய்தான். முதலிலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், இப்போது மாரையே எடுக்க வேண்டும், அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். கத்தி பட்டால் பரவாதா என்று கேட்டேன். அண்ணன் கதையையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஒங்க அண்ணனை அறுத்தபோது ஏற்கெனவே பரவியிருக்கும். கத்தியால பரவலைங்க. அதுக்கு முந்தி ஒன்றரை வருஷம் சும்மா இருந்தாரே, அப்பப் பரவினது." வேலை நேரத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒரு காகிதத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். அவருக்கு என் முதல் நன்றி அந்தப் பத்து நிமிஷத்துக்கு.

அறுவை முடிந்தது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். மலை இறங்கும்போதும் வாந்தி, ஏறும்போதும் வாந்தி. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. நாங்கள் மதுரையில் கிடந்த நாட்களில் என் கடையைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டவர் பக்கத்துக் கடைக்காரர், தேன் மூட்டுவலிக்கு நல்லது என்று விற்ற அதே ஆள். கேட்காமலே செய்தார். ஒரு நாள் சாவியை வாங்கும்போது, "நானும் அந்தப் பேச்ச நிறுத்திட்டேன்ப்பா" என்றார்.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்து அவள் படுத்திருந்தபோது என் செல்போன் அடித்தது. பாட்டில் லேபிளில் அந்த நம்பர்தான் போட்டிருந்தோம். அவள் எடுத்தாள். அருப்புக்கோட்டை அம்மா.

"அந்த அண்ணனக் கூப்பிடுங்க. நாலு கேள்வி கேக்கணும்."

"நான் அவரு வீட்டுக்காரிக்கா. எங்கிட்டக் கேளுங்க."

அவர் கணவர் இறந்துவிட்டார். கடைக்கு வந்து போன மறுநாளே கூட்டிப்போய் மீண்டும் கரண்டு வைத்தார்களாம், தாங்கவில்லையாம். கடைசி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வலிக்கு மருந்து கொடுத்தார்களாம், கத்தாமல் தூங்கினாராம். இதைச் சொல்லிவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். நான் அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"அன்னைக்கு நீங்க வந்து நிக்கலைன்னா நானும் இன்னேரம் போயிருப்பேங்க்கா. ஒங்க வீட்டுக்காரரு போயிட்டாரு, நான் இருக்கேன். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

இரண்டு பேரும் அழுதார்கள். கடைசியில் போன் என் கைக்கு வந்தது. நான் "அக்கா" என்றேன்.

"அந்தப் பிள்ளைய நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்த இருபது நாள் விட்டுப்போகாமல் இருந்திருந்தால் அவர் கணவர் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். "தெரியாதுங்க" என்றார். எனக்கும் தெரியாது. அது தெரியாமலேயே நான் சாக வேண்டும். பிறகு அந்தப் போன் ஏரியில் விழுந்து நம்பர் எல்லாம் போய்விட்டது. அவரும் அதன்பின் பேசவில்லை. அவர் இதைப் படித்தால், அக்கா, உங்கள் காலில் விழுகிறேன்.

வைத்தியரை அடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஒரு வெள்ளிக்கிழமை பண்ணைக்காட்டுக்குப் போனேன். அதே வாழைத்தோட்டம், அதே கூட்டம். ஜீப்காரர் மூலம் சேதி அவருக்குப் போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார். "மருந்தைப் பாதியில நிறுத்துன பாத்தியா, அதான் அறுக்கும்படி ஆச்சு." உட்கார்ந்திருந்த ஜனம் எல்லாம் தலையை ஆட்டியது. கை ஓங்கினேன். ஆனால் அந்தக் குரல், அந்தத் தயங்காத பேச்சு, எனக்கு ரொம்பப் பழக்கமானது. சீசனில் என் கடை முன்னால் நின்றால் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். கையை இறக்கிவிட்டேன். அங்கே இருந்தவர்களிடம் என் மனைவியின் கதையைச் சத்தமாகச் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து என்னோடு வந்தார்கள். மற்றவர்கள் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பரிசோதனைக்குப் போனோம். முடி வளர்ந்து பின்னல் போடும் அளவுக்கு வந்திருந்தது. டாக்டர் படங்களை எல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் இல்லை, இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். என் மனைவி எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, ஒரு ஒதவி. நாலு மாசம் என்னைத் தேன் நக்க வச்சாருல்ல, இவர நீங்க ஒரு நாளும் திட்டவே இல்ல. இன்னைக்காச்சும் நல்லா நாலு வார்த்த திட்டிவிடுங்க. நீங்க சொன்னாத்தான் ஒறைக்கும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டைக் கையில் எடுத்தார். "நான் எதுக்கும்மா? திட்டுறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா, இருக்கேன்ல" என்றாள்.